அச்சமானி காட்டிய ஆள்

காப்பியை ஆற்றிக்கொண்டிருக்கும்போதே நப்பின்னையின் மணிக்கட்டில் அச்சமானி சிவந்தது. நகரத்தில் எல்லோருக்கும் தோலுக்கடியில் அந்தச் சில்லு உண்டு. பயத்தில் இரத்தத்தில் அட்ரினலின் ஏறினால் அது சிவக்கும், வீட்டு வன்முறையைத் தடுக்கும் காப்பகத்துக்குச் செய்தி போகும். அது வந்தபின் வீடுகளுக்குள் அடிதடி அநேகமாக ஒழிந்திருந்தது.

"மறுபடியுமா?" என்று அவள் கணவன் பரிதி அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தான். அவளுக்கு நெஞ்சு படபடத்தது. தலை வெடித்துவிடும்போல் இருந்தது. எதற்குப் பயம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மாலையில் காப்பகத்து அதிகாரி ஒருத்தி வந்தாள். "ஒவ்வொரு தடவையும் பக்கத்துல இருந்தது உங்க வீட்டுக்காரர்தான்," என்றாள் கனிவாக. "அவரைப் பார்த்துப் பயப்படுறீங்களா? உங்க வாயால சொன்னா போதும்."

இல்லை என்றுதான் சொல்ல வந்தாள். ஆனால் கை நடுங்கியது. தனக்குத் தெரியாததை உடம்பு தெரிந்துவைத்திருக்கிறதோ?

"ஆமா... இருக்கலாம்."

பரிதி அவளையே பார்த்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு அதிகாரியுடன் போய்விட்டான்.

அவன் இல்லாத வீட்டிலும் பயம் வந்தது, தூக்கத்தில்கூட. எவ்வளவு தண்ணீர் குடித்தும் தாகம் அடங்கவில்லை. உடம்பு துரும்பாக இளைத்தது. மருத்துவமனையில் டாக்டர் ஜெசிந்தா படத்தைக் காட்டினார். சிறுநீரகத்தின் மேலே, அட்ரினல் சுரப்பியில் ஒரு கட்டி.

"சாப்பிட்டதும் குடல் ஹார்மோனை அனுப்பி, இன்சுலின் சுரக்கச் சொல்லிக் கணையத்தைத் தூண்டும். உங்க கணையம் அதைக் காதுலயே வாங்கல. இந்தக் கட்டி கொட்டுற அட்ரினலின் அதை அமுக்கி வெச்சிருக்கு. ஈரலும் சர்க்கரையை இறக்கிக்கிட்டே இருக்கு. நிஜமான பயம்னா கொஞ்ச நேரத்துல அடங்கிடும்மா. இது அடங்கல."

"அப்ப அவரு?" என்றாள் நப்பின்னை. டாக்டர் காப்பகத்துக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தார்.

மருந்து கொடுத்து இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்து, கட்டியை எடுத்தார்கள். அமுங்கிக் கிடந்த கணையம் ஒரேயடியாக விழித்துக்கொள்ள, சர்க்கரை சரிந்தது. குளுக்கோஸ் ஏற்றித் தேற்றினார்கள். அதற்குள் காப்பகம் பரிதியை விடுவித்திருந்தது. அவன் வந்து அறை வாசலிலேயே நின்றான்.

"உள்ள வா பரிதி."

"மெஷினுக்குத் தெரியல, சரி. நீ ஏன், பின்னை, ஆமான்னு சொன்ன?"

"என்னையே என்னால நம்ப முடியல."

"அங்க தினமும் அதையேதான் யோசிச்சேன். எப்பவாச்சும் குரலை உசத்தினேனா, கையை ஓங்கினேனான்னு. இப்ப என்னாலயும் என்னை நம்ப முடியல." அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "கொஞ்ச நாள் அண்ணன் வீட்டுல இருந்துக்குறேன்."

அவன் காலடி ஓசை வராந்தாவில் தேய்ந்து மறைந்தது. நப்பின்னையின் மணிக்கட்டில் அச்சமானி சிவந்தது. செவிலி ஓடிவந்து, மறுபடி சரிந்துவிட்டதோ என்று சர்க்கரையைப் பார்த்தாள், சரியாகவே இருந்தது.

"எதுக்கும்மா பயப்படுறீங்க?" என்று கேட்டாள்.

இந்த முறை அவளுக்குக் காரணம் தெரிந்திருந்தது.