சன்னல் வழியே ஒரு கயிறு

பாண்டிமீனா மூன்று நாளாகப் பள்ளிக்கூடச் சன்னலுக்கு வெளியே நின்றுதான் ஐந்தாம் வகுப்புப் பாடம் கேட்டாள். உள்ளே போக முடியாது. இடுப்பில் எட்டு மாதத் தம்பி மருது இருந்தான். அவன் வாயைத் திறந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

சொந்த ஊரான பேரையூர்ப் பக்கம் மழை இல்லை. அப்பாவும் அம்மாவும் சோழவந்தானுக்குக் கரும்பு வெட்ட வந்திருந்தார்கள். அப்பா வெட்டுவார், அம்மா கட்டுவாள். ஆலை லாரி வருவதற்குள் முடிக்காவிட்டால் மேஸ்திரி கத்துவார். அம்மாவின் கையெல்லாம் கரும்புத் தோகை கிழித்த கோடுகள். அந்தக் கைகளைப் பார்த்தால், “தம்பிய நீ வச்சுக்கம்மா” என்று கேட்க அவளுக்கு மனம் வராது.

அன்று மலைச்சாமி சார் எட்டிப் பார்த்தார்.

“ஏம்மா, உள்ள வந்து உக்காரலாம்ல?”

“தம்பி அழுவான் சார்.”

“அழுதா அழுகுறான், வா.”

மருது அழுதான். பாடம் நின்றது. வகுப்பே சிரித்தது. பாண்டிமீனா வெட்கத்தோடு வெளியே ஓடினாள்.

சன்னலை ஒட்டி ஒரு புங்கமரம் இருந்தது. அதையே வெகுநேரம் பார்த்தாள்.

மறுநாள் அம்மாவின் பழைய சேலையோடு வந்தாள். தாழ்ந்த கிளையில் தூளி கட்டி, மருதுவைப் போட்டாள். தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைச் சன்னல் கம்பி வழியே உள்ளே விட்டாள்.

“சார், உள்ள வரலாமா?”

சார் கயிற்றைப் பார்த்தார். தூளியைப் பார்த்தார்.

“வா, வா. இழுக்குறத மட்டும் விட்றாத, தாயி!”

அவள் ஒரு கையால் இழுத்தாள், மறு கையால் எழுதினாள்.

“கை வலிக்குதா? குடு, நான் இழுக்குறேன்” என்றாள் பக்கத்தில் இருந்த திவ்யா.

பிறகு எல்லோரும் முறை வைத்து இழுத்தார்கள். கணக்குப் பாடம் வந்தால் கயிற்றுக்குச் சண்டையே நடக்கும்.

பன்னிரண்டாம் நாள் பாண்டிமீனா ஒரு பாடம் முழுவதையும் தடுமாறாமல் வாசித்தாள். சார் கைதட்டினார்.

அன்று மாலையே கரும்பு தீர்ந்துவிட்டது.

“காலையில வேற ஊரு. மூட்டையக் கட்டுங்க” என்றார் மேஸ்திரி.

“எந்த ஊருண்ணே?” என்று அப்பா கேட்டார். மேஸ்திரி அதற்குள் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

பாண்டிமீனா அழுதாள். அழுது முடித்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, தூளியை அவிழ்த்து எடுத்துவந்தாள். கிளை உரசிச் சேலை கிழிந்திருந்தது. கயிற்றை மட்டும் சுருட்டி மூட்டைக்குள் வைத்தாள்.

“இத எதுக்குடி தூக்கிட்டு வார?” என்றாள் அம்மா.

“போற ஊருலயும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல மரம் இருக்கும்லம்மா?”

அம்மா மூட்டையை மறுபடி பிரித்தாள். அவளிடம் மாற்றுச் சேலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை மடித்துக் கயிற்றின்மேல் வைத்தாள்.

“இதக் கட்டு. கெட்டியா இருக்கும்” என்றாள்.