அப்பாவை ஒரே தகட்டில் எரிப்பது

"அப்பாவை ஒரே தகட்டுல எரிச்சுப் போடலாமுங்களா, இல்ல ரெண்டாப் பிரிச்சு எரிக்கட்டுங்களா?" என்று கேட்டான் தகட்டுக்கடை ஜோதிலிங்கம்.

நாச்சிமுத்து பதறவில்லை. செவ்வாய் கிரகத்தில் இருக்கிற புதுக்காங்கயத்தில் இது அன்றாடம் காதில் விழுகிற கேள்வி. ஊரை மூடிய குவிமாடத்துக்குள் ஒரு பிணத்தைக் கொளுத்தினால் ஒரு தெருவே மூச்சு முட்டிப் போகும் என்பதால், உடம்பைப் பாசித்தோட்டத்து உரத்தொட்டிக்குக் கொடுத்துவிடுவார்கள். எரிப்பது என்றால் அங்கே ஒரே அர்த்தம்தான். போனவர் வாழ்நாளெல்லாம் எடுத்த வீட்டுப் படங்களை லேசர் சூட்டில் தகட்டில் பதித்து வாரிசின் கையில் கொடுப்பது.

படம் எடுப்பதற்குக் கருவி தூக்கித் திரிய வேண்டியதில்லை. பிறந்த குழந்தையின் கண்ணிலேயே ஒரு விழிப்பதிவியைப் பொருத்திவிடுவார்கள். காதுக்குப் பின்னால் தொட்டால் ஓடும், மறுபடி தொட்டால் நிற்கும். கல்யாணம், காதுகுத்து, புது ஊர்தி வாங்கியது, பக்கத்து வீட்டுக்காரர் வழுக்கி விழுந்தது என்று சனங்கள் எதையும் விடாமல் தொட்டுத் தொட்டு எடுத்தார்கள். இப்படி மலையாகக் குவித்ததை யாராவது ஒருவராவது பார்க்க வேண்டாமா என்று ஒரு நல்ல மனுஷர் எப்போதோ கேட்டு வைத்தார். அந்தப் புண்ணியவான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அது சட்டமாகி, காண்கடன் என்று பேரும் வாங்கிக்கொண்டது.

வாரிசு தன் வீட்டுப் பார்வையறைக்குள் உட்கார்ந்து, தகட்டை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துத் தீர்க்க வேண்டும். தூங்குவதற்கு மட்டும் படம் நிற்கும். சாப்பாடு சன்னல் வழியாக வரும். நடுவில் படம் திக்கினாலும் சரி, பார்ப்பவர் எழுந்து வெளியே போனாலும் சரி, மறுபடி முதலிலிருந்து. பார்த்தார் என்பதற்குச் சாட்சியாக, அறைக்குள் இருக்கும் நேரமெல்லாம் அவருடைய விழிப்பதிவி தானாக ஓடும். அதுவும் அவர் படங்களோடு சேர்ந்துகொள்ளும்.

"ரெண்டாப் பிரிச்சா என்னாகும்?" என்றான் நாச்சிமுத்து.

"தகடு மாத்தற நேரத்துல படம் நிக்குமுங்ணா. கிழக்கு வீதி சூசையப்பன் அப்படித்தான் ரெண்டாப் போட்டாரு. இப்ப மூணாவது தடவையா உக்காந்திருக்காரு."

"அப்ப ஒண்ணுலயே போடு."

"நெடுந்தகடாத்தான் போடோணும். உங்கப்பா உங்க தாத்தாவப் பாத்ததும் இதுல இருக்குதல்லங்ணா. தாத்தா அவங்கப்பாவப் பாத்தது அதுக்குள்ள இருக்குது. தலைமுறைக்குத் தலைமுறை ஊதிக்கிட்டேதான் போகுது."

"திக்காம ஓடுமா?"

"அவசரப்பட்டு எரிச்சாத்தான் திக்கும். இருக்கறதுலயே மெதுவான வேகத்துல எரிச்சுத் தாரேன். வழுக்கிக்கிட்டுப் போகும்."

நாச்சிமுத்துவின் கவலை தகட்டைப் பற்றியது அல்ல. அவன் மகள் யாழி அப்போதுதான் சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பழகியிருந்தாள். அவன் உள்ளே போனால் தூசிப்புயல் காலம் முடிந்துதான் வெளியே வருவான். அதற்குள் அவள் நடந்துவிடுவாள். அவள் வைக்கிற முதல் அடியைப் பார்க்காத அப்பனாக இருக்க அவனுக்கு மனசு வரவில்லை.

"போகாம இருந்துட்டா என்ன?" என்று மனைவி வசுமதியிடம் கேட்டுப் பார்த்தான்.

"மாமாவ நீங்க பாக்காம விட்டா, நாளைக்கு உங்கள எவன் எரிப்பான்? ஊருல நாலு பேரு நாக்கப் புடுங்கற மாதிரி கேக்க மாட்டாங்களா?"

"சரி. பாப்பா நடக்கறப்ப ஒரு குரல் குடு. நான் நேர்ல பாக்கோணும். பதிவெல்லாம் வேண்டாம், கண்ணால பாக்கோணும்."

"எந்திரிச்சு வந்தா மறுபடி முதல்ல இருந்துங்க."

"பரவால்ல. நீ கூப்பிடு."

பார்வையறையில் ஒரு நாற்காலி, ஒரு திரை, ஒரு படுக்கை. கண் திரையை விட்டு விலகினால் காதருகே ஒரு மணி கிணுகிணுத்தது. முதல் நாள் அப்பா சென்னியப்பனின் குரலைக் கேட்டதும் நாச்சிமுத்து வாய்விட்டு அழுதான். அந்த வாரம் முடிவதற்குள் கொட்டாவி வந்தது. அப்பாவைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறோமே என்று அதற்கும் கொஞ்சம் அழுதான். அப்பா எந்த விருந்தையும் விட்டுவைக்கவில்லை. யார் யாரோ வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கை கழுவினார்கள். அதையும் எடுத்திருந்தார். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் அத்தனை பேரும் மறுபடி சாப்பிட உட்காருவார்கள்.

பிறகு அப்பாவும் இதே அறைக்குள் வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் அப்பாவின் முழங்கால், அதன்மேல் அப்பாவின் கை, அதற்கு அப்பால் ஒரு திரை. கொஞ்ச நாள் போனதும் அந்தத் திரையில் தாத்தாவின் முழங்கால் வந்தது. அதற்கு அப்பாலும் ஒரு திரை. உள்ளே போகப் போகப் படம் சிறுத்து, கடைசியில் ஒரு கடுகளவு வெளிச்சம் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அங்கே என்ன நடக்கிறது, யார் யாரை எடுத்தார்கள் என்று ஒரு மண்ணும் தெரியவில்லை. அந்தக் கடுகைத்தான் குடும்பத்து ஆண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு பருவகாலம் அடைபட்டுக் கிடந்து பார்த்திருக்கிறார்கள். நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் பயம் வந்தது.

ஒரு நாள் அப்பாவின் படத்துக்குள் அம்மாவின் குரல் கேட்டது.

"ஏனுங்க, பையன் நடக்கறானுங்க. எந்திரிச்சு வாங்க."

பையன் என்றால் நாச்சிமுத்துதான். அப்பாவின் கை நாற்காலிக் கட்டையை இறுகப் பிடித்தது. பார்வை எம்பியது. கதவுப்பக்கம் பாதி திரும்பியது. மணி கிணுகிணுத்தது. பார்வை இறங்கி, மறுபடி திரைக்கே வந்து சேர்ந்தது.

"நீ எடுத்து வை புள்ள. வந்து பாத்துக்கறேன்."

அப்பா வெளியே வந்தார், ஆனால் அம்மா எடுத்து வைத்ததைப் பார்க்கவே இல்லை. அம்மா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டிருந்தாள். பெரிய குற்றம் மாதிரி எதற்கு அதையே பிடித்துத் தொங்குகிறாள் என்று அவன் அப்போது நினைத்ததுண்டு. இப்போது அம்மா சொன்னது உறைத்தது. எழுந்திருக்க வேண்டியதுதானே அப்பா என்று திரையைப் பார்த்துக் கேட்டான். திரையில் தாத்தாவின் முழங்கால் ஆடாமல் அசையாமல் இருந்தது.

தகட்டில் சொற்பம்தான் மிச்சம் என்று திரையோரத்துக் கோடு காட்டிய சமயத்தில், சன்னலில் வசுமதியின் குரல் கேட்டது.

"ஏனுங்க, பாப்பா செவுத்த விட்டுட்டா. கையப் புடிக்காம நிக்கறா."

நாச்சிமுத்து மிச்சத்தை யோசிக்கவில்லை. ஊரையும் யோசிக்கவில்லை. மணி அலறியது. 'முதலிலிருந்து' என்று திரையில் எழுத்து விழுந்தது. அவன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

கூடத்து நடுவில் யாழி நின்றிருந்தாள். அக்கம்பக்கத்தார் மூச்சுக் காட்டாமல் சுற்றி நின்றார்கள். அவன் அவளுக்கு எதிரே மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினான். தாடி வளர்ந்த முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தவள், ஆளைக் கண்டுபிடித்துச் சிரித்தாள். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதை விடக் கூடாது என்று நினைத்தான்.

கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது.

சன்னல் வெளிச்சம் யாழியின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. முகம் இருட்டாக விழும் என்று கண்ணோரத்தில் எச்சரிக்கை வந்தது. நாச்சிமுத்து எழுந்து வலப்பக்கம் இரண்டடி நகர்ந்தான். அங்கே வசுமதி மறைத்தாள். கொஞ்சம் தள்ளு என்று கையால் சைகை காட்டிவிட்டு, சுவரோரமாகப் போய் நின்று, கண்ணோரத்து எச்சரிக்கை மறைந்து, பதிவு ஓடத் தொடங்கும் பச்சை விளக்கு வருவதையே பார்த்துக் காத்திருந்தான். பச்சை வந்தது.

அதற்குள் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். யாழி அவன் மண்டியிட்டிருந்த இடம்வரை நடந்து வந்து, அங்கே ஆள் இல்லாததால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள் வசுமதி. அவள் கண்ணில் நீர் நின்றது.

"நீ எடுத்தியல்ல? உன்னோடதுல இருக்குமல்ல?"

"இல்லீங்களே. கண்ணால பாக்கோணும்னு நீங்க சொன்னீங்கல்ல. நாங்க யாருமே தொடலீங்க. சும்மா பாத்துக்கிட்டிருந்தோம்."