களைக்காத கரி

காலை 9.40. ஆய்வுக்கூடம். கணினித் திரையில் மளமளவென்று ஏறியிருக்க வேண்டிய கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. பேராசிரியரின் கண்டுபிடிப்பை வாங்கவிருந்த கம்பெனியிலிருந்து வந்திருந்த பரிசோதகர் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது வெறும் கரி சார்."

10.05-க்குப் பேராசிரியர் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். சீசாவிலிருந்த விலைமதிப்பில்லாத பொடியை யாரோ திருடிக்கொண்டு சாதாரணக் கரித்தூளை நிரப்பிவிட்டார்கள் என்பது புகார்.

10.40-க்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்து சேர்ந்தார். நிலையத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் வழங்கும் பெயர் 'சந்தேகம்'. கணவர் கேட்காமலே தேநீர் போட்டு நீட்டினால்கூட, "என்ன விஷயம்?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பார். இப்போதும் அறையில் இருந்த எல்லோரையும், வெளியிலிருந்து வந்த பரிசோதகர் உட்பட, ஒரே தட்டில் வைத்துத்தான் பார்த்தார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அப்படி என்ன பொடி?"

"எரிபொருள் மின்கலம்னு ஒண்ணு இருக்கு மேடம்," என்றார் பேராசிரியர். "ஒரு பக்கம் ஹைட்ரஜன், இன்னொரு பக்கம் ஆக்சிஜன். ரெண்டும் சேர்ந்தா கரண்ட். இதுல ஆக்சிஜன் சரியான சோம்பேறி. அதைத் தட்டி எழுப்பப் பிளாட்டினம் வேணும், யானை விலை. எங்க பொடி நைட்ரஜன் சேர்த்துச் சுட்ட நானோ கரி. பிளாட்டினத்தோட வேலையை இதுவே செய்யுது."

"செஞ்சது," என்று திருத்தினார் இன்ஸ்பெக்டர். "சீசா வச்ச அலமாரிச் சாவி யார்கிட்ட?"

"ரெண்டு சாவி. ஒண்ணு மெஷின் ஆபரேட்டர்கிட்ட. இன்னொண்ணு பொடியைச் சுட்ட ஆராய்ச்சி மாணவிகிட்ட." குரல் தாழ்ந்தது. "அந்தப் பொண்ணுக்குப் போட்டிக் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. நான் யாரையும் கை காட்டல."

கை காட்டாமலே காட்டிவிட்டார் மனிதர்.

11.15. மாணவி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். விரல் இடுக்கெல்லாம் கரி.

"சாவியை யாருக்காவது கொடுத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"வேலை?"

"கிடைச்சிருக்கு. அதை சார்கிட்ட நானேதான் சொன்னேன்."

"பொடியை எப்படிச் சோதிப்பீங்க?"

"நான் கீழ்மாடியில சுடுவேன். மை மாதிரி கரைச்சு, மின்முனையோட நுனியில ஒரு சொட்டு வச்சுக் காயவிட்டு மேல அனுப்புவேன். ஆபரேட்டர் அண்ணன் அமிலக் குடுவையில மாட்டி ஓட்டிட்டு ரீடிங் அனுப்புவார்."

"ஒரு சொட்டு எத்தனை நாள் தாங்கும்?"

அந்த நேரத்திலும் அவள் முகத்தில் சின்னதாகப் பெருமை எட்டிப் பார்த்தது. "ஒரே நுனி பன்னிரண்டு நாள் ஓடுச்சு மேடம். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட நல்ல ரீடிங்." பிறகு பெருமை வடிந்துவிட்டது. "திருட்டுக் கேஸ் பதிவாயிட்டா வேலை போயிடும், பட்டமும் போயிடும். அப்புறம் எனக்கு எதுவுமே இல்ல."

இன்ஸ்பெக்டருக்கு அவள் கலக்கத்தைவிட அந்தப் பெருமைதான் உறுத்தியது. ஓடுகிற வண்டி தேயும், உழைக்கிற ஆள் களைப்பான். நாளுக்கு நாள் வலுவேறிக்கொண்டே போகிற கரியை அவர் கேள்விப்பட்டதில்லை.

ஆபரேட்டர் தலையைச் சொறிந்துகொண்டே வந்தார்.

"குடுவைக்குள்ள என்னென்ன இருக்கும்?"

"பொடி வச்ச நுனி ஒண்ணு. கரண்ட் சுத்தி வர்றதுக்கு எதிர்முனைன்னு இன்னொண்ணு. அதை சார்தான் மாட்டுவார், அவரேதான் கழட்டுவார். மேல உறை போட்டிருக்கும். நான் ஸ்விட்ச் போடறதோட சரி."

"உங்க எதிர்முனை என்ன?" என்று பரிசோதகர் பக்கம் திரும்பினார் இன்ஸ்பெக்டர்.

"கிராஃபைட் குச்சி மேடம், பென்சிலுக்குள்ள இருக்கிற கரிக்குச்சி மாதிரி. எங்க போனாலும் எங்க குடுவை, எங்க குச்சிதான்."

"நாங்களும் கிராஃபைட்தான்," என்று முந்திக்கொண்டார் பேராசிரியர். "எங்க ஆய்வுக் கட்டுரையிலேயே போட்டிருக்கேன்."

11.50. தராசு அறை. இங்கே பிளாட்டினம் எங்கே இருக்கும் என்று கேட்டு வந்திருந்தார் இன்ஸ்பெக்டர். பூட்டிய பெட்டியில் பிளாட்டினக் கம்பி ஒன்று, பக்கத்தில் ஒரு பதிவேடு. வெளியே எடுக்கும்போதும் திருப்பி வைக்கும்போதும் எடை போட்டு எழுத வேண்டும் என்பது கூடத்தின் சட்டம். இன்ஸ்பெக்டர் பக்கங்களைப் புரட்டினார். மாணவியின் நுனி ஓடிய அதே பன்னிரண்டு நாளும் கம்பி வெளியே போயிருந்தது.

முதல் நாள் திரும்பியபோது 1.8440 கிராம். இரண்டாம் நாள் 1.8437. மூன்றாம் நாள் 1.8433. நான்காம் நாளிலிருந்து 1.84, 1.84, 1.84.

"எடை யார் போட்டது?"

"நானேதான். பிளாட்டினம் விஷயத்துல நான் யாரையும் நம்பறதில்ல," என்றார் பேராசிரியர்.

"எதுக்காக எடுத்தீங்க?"

"அது வேற சோதனை."

இன்ஸ்பெக்டர் பதிவேட்டை மூடினார். "நீங்களே புதுசா ஒரு நுனி தடவுங்கம்மா," என்று மாணவியிடம் சொன்னார். "திருடு போனதாச் சொல்ற அதே சீசாவிலேருந்து."

12.30. பரிசோதகரின் குடுவை, கிராஃபைட் குச்சி. கோடு எழுந்திருக்கவில்லை. குச்சியை எடுத்துவிட்டுப் பிளாட்டினக் கம்பியை மாட்டச் சொன்னார் இன்ஸ்பெக்டர். பேராசிரியர் ஏதோ சொல்ல வாயெடுத்து, தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தார். மெஷின் ஓடியது. ஒரு மணிக்குக் கோடு லேசாகத் தலைதூக்கியது. மூன்று மணிக்கு நிமிர்ந்தது. 4.10-க்கு அது கட்டுரையில் இருந்த கோட்டை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பொடியை யாரும் மாத்தல," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரே பொடிதான். குச்சி வச்சா தூங்குது, கம்பி வச்சா முழிச்சுக்குது."

பரிசோதகர் பெருமூச்சு விட்டார். "கம்பி அமிலத்துல துளித்துளியாக் கரைஞ்சு கரி மேல போய்ப் படிஞ்சிருக்கு மேடம். வேலை செஞ்சது பிளாட்டினம். பேர் வாங்கினது கரி. அதான் நாளாக நாளாக ரீடிங் ஏறியிருக்கு."

"எனக்குத் தெரியாது," என்றார் பேராசிரியர். "குச்சி உடைஞ்சு போச்சு. அவசரத்துக்குக் கம்பியை மாட்டினேன். கட்டுரையில மாத்தி எழுத மறந்துட்டேன். அவ்வளவுதான்."

"தெரியாதவர் தொடர்ந்து நாலு தசமம் எழுதியிருப்பார் சார். மூணு நாள் எழுதினீங்க, கம்பி இளைக்கறதைக் கண்ணால பார்த்தீங்க. நாலாம் நாள்லேருந்து ரெண்டு தசமத்தோட நிறுத்திட்டீங்க. ரெண்டு தசமத்துல இளைப்பு தெரியாது." அவர் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, கம்பியைக் கழுவித் துடைத்து எடை போடச் சொன்னார். தராசு 1.8391 காட்டியது. "கம்பெனிக்காரர் சொந்தக் குச்சியோட வந்ததும் குட்டு உடையப் போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. திருடு போன பொடியைப் பொய்னு யாரும் சொல்ல முடியாது. அதுக்கு ஒரு திருடி வேணும். வேலை கிடைச்ச பொண்ணு கைக்கு வாட்டமாக் கிடைச்சா. பொய்ப் புகார் கொடுத்ததுக்கு நீங்க என்னோட வரணும்."

பேராசிரியர் எழுந்தார். தன் பேனாவை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

4.45. இன்ஸ்பெக்டர் சோதனை அறிக்கையை மாணவியின் முன்னால் வைத்தார். எவரையும் எளிதில் நம்பாத அவருக்கு அந்தப் பெண் மேல் இரக்கம் பொங்கியது. அதை மறைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"மனசு கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா தடவினது நீங்க, அதனால உங்க கையெழுத்து வேணும். போட்டுட்டா திருட்டுப் பழி இல்ல."

"போட்டுட்டா பொடியும் இல்ல மேடம்," என்றாள் அவள். "மூணு வருஷம் அந்த அடுப்புப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன்."

பரிசோதகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவள் அறிக்கையை முதலிலிருந்து படித்தாள். 'பொடிக்குத் திறன் போதவில்லை' என்று பரிசோதகர் எழுதியிருந்த வரியில் நின்றாள். 'போதவில்லை' என்பதை அடித்துவிட்டு, 'இல்லை' என்று தன் கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.