912-ஆம் நம்பர் சாவி

மழை என்றால் சும்மா மழை இல்லை... குடை வைத்திருந்தவர்களையும் இல்லாதவர்களையும் ஒரே மாதிரி நனைத்த மழை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் அந்த வெள்ளவத்தை ஒழுங்கைக்குள், சேலைக்கடைப் பையைத் தலையில் கவிழ்த்தபடி ஓடி வந்தாள் றொசானா. சாம்பல் நிற மொறிஸ் மைனர் வேப்பமரத்தடியில் நின்றது. சாவியைப் போட்டாள், திருப்பினாள், கதவைத் திறந்து உள்ளே விழுந்தாள்.

அப்பாடா!

அதே சாவியால் எஞ்சினையும் திருப்பினாள். முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது.

அங்கேதான் அவளுக்கு உறைத்தது. அவளுடைய கார் முதல் தடவையில் ஸ்டார்ட் ஆனதாகச் சரித்திரமே கிடையாது! நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடியில் தொங்கும் ஜெபமாலையைக் காணோம். டாஷ்போர்டில் குட்டிப் பிள்ளையார் ஒருவர் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டொக்... டொக்...

ஜன்னலுக்கு வெளியே ஒரு கறுப்புக் குடை. குடைக்குக் கீழே ஓர் இளைஞன். மழைத்துளி உருளும் மூக்குக் கண்ணாடி. அதற்குப் பின்னால் சிரிப்பை அடக்கப் பாடுபடும் இரண்டு கண்கள்.

"மிஸ்... காரைக் கொண்டு போறதெண்டா கொண்டு போங்க. பின் சீட்டில இருக்கிற மருந்துப் பெட்டியை மட்டும் தந்திட்டுப் போங்க. பேஷன்ட் ஒராள் காத்துக்கொண்டிருக்கு."

வெட்கம் வந்தால் றொசானாவுக்குக் கோபமும் கூடவே வந்துவிடும். கொட்டாஞ்சேனையில் பிறந்து, துறைமுகத்து ஷிப்பிங் ஒஃபிஸில் ஆம்பிளைகளோடு வாதாடியே வேலை பார்க்கிறவள். இறங்கினாள்.

"காரைப் பூட்டிட்டுப் போகத் தெரியாதா உங்களுக்கு?"

"பூட்டினனான்."

"அப்ப என்ர சாவி எப்பிடி இதைத் திறந்தது?"

அந்தக் கேள்வியில் அவன் முகமே மாறிப்போனது. "சாவி... உங்கட சாவி... ஒருக்காக் காட்டுங்க!" குடையை அவள் கையில் திணித்துவிட்டு, தான் கொட்டும் மழையில் நின்றுகொண்டு, சட்டை நுனியால் அந்தச் சாவியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தான்.

"எஃப். எஸ். 912!"

ஒழுங்கையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான். தன் பொக்கெட்டில் இருந்த சாவியை எடுத்து அருகில் வைத்தான். அதிலும் அதே எழுத்து, அதே எண், அதே பற்கள்.

"அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்களுக்குச் சாவி வெட்டினவங்கள் பெரிசா மினக்கெடேல்ல மிஸ். இந்த வரிசையில கிட்டத்தட்ட நூறு வெட்டுத்தான். அதையே திருப்பித் திருப்பி எல்லாக் காருக்கும் போட்டவங்கள். எங்கயாவது இன்னொரு 912 இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். ஆனா கொழும்பில... ஒரே ஒழுங்கையில... அதுவும் ஒரே கலரில! எவ்வளவு காலமாத் தேடுறன் தெரியுமா?"

"என்னையா?"

வாய் தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சாவியை" என்றான் அவன். பிறகு அவளை நன்றாகப் பார்த்தான். பார்த்தபின் அந்தப் பேச்சை அவன் தொடரவில்லை.

மழையும் இருவரையும் தெப்பமாக நனைத்தபின்தான் கொஞ்சம் விட்டது. அவளுடைய மொறிஸ் மைனர், தண்ணீர் பவுசர் லொறி ஒன்றுக்குப் பின்னால் மறைந்து, பாவம் போல நின்றிருந்தது.

அவன் பெயர் துவாரகன். வெள்ளவத்தையில் சொந்தமாக ஃபார்மசி. அவனுக்கு மருந்து வயிற்றுப்பாட்டுக்கு, சாவி உயிருக்கு. சனிக்கிழமைகளில் மருதானைக்கு அந்தப்புறம் பஞ்சிகாவத்தையில், பழைய வாகன உதிரிப்பாகக் கடைகளைக் கிளறுவதுதான் அவன் பொழுதுபோக்கு. 'சும்மா பார்க்கத்தான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு சனிக்கிழமை றொசானாவும் போனாள். சும்மாவாம்! புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு போனவள் சொல்கிற கதை.

கடைக்காரர் பால்மா டின் ஒன்றைக் கவிழ்த்தார். துருப்பிடித்த சாவிகள் மேசையில் கொட்டின. துவாரகனின் விரல்கள் அவற்றுக்குள் போன விதம் இருக்கிறதே... கைக்குழந்தையின் நகம் வெட்டுகிறவள் எவ்வளவு கவனமாகத் தொடுவாளோ, அவ்வளவு கவனம். தலையின் வடிவத்தைப் பார்ப்பான், தண்டில் ஓடும் பள்ளத்தை நகத்தால் தடவுவான், தேய்ந்த எழுத்தை வெளிச்சத்தில் சரித்துப் பிடிப்பான்.

"இது ஒஸ்டின்... இது ஹில்மன். இந்தாங்க, இது டிக்கிச் சாவி."

"அது எப்பிடித் தெரியும்?"

"பல்லைப் பாருங்க, தேயவே இல்ல. கதவுச் சாவி எண்டா இவ்வளவு காலத்துக்கு மழுங்கியிருக்கும். ஆரோ ஒருத்தர் கதவைத் திறந்து திறந்து ஊரெல்லாம் போயிருக்கினம். டிக்கியைத் திறக்கிற அளவுக்குச் சாமான் வாங்கேல்ல. பாவம்."

அவள் சிரித்தாள். ஒரு துண்டு இரும்பிலிருந்து ஒரு மனிதரைக் கண்டுபிடிக்க இவனால் முடிகிறதே என்று வியந்தாள். கண்ணை எடுக்க முடியவில்லை. சாவியிலிருந்து என்றுதான் அவள் அப்போதும் நினைத்துக்கொண்டாள்.

ஃபார்மசியின் பின் அறையில் ஒரு பெரிய பலகை. ஆணி ஆணியாய்ச் சாவிகள். முதல் ஆணி மட்டும் பகலில் வெறுமையாக இருக்கும். அது 912-க்கு. அவனுடைய அப்பா வாங்கிய காரோடு இங்கிலாந்திலிருந்தே வந்த ஒரிஜினல் சாவி. இந்தப் பைத்தியம் அவனுக்குப் பிடித்ததே அந்தச் சாவியால்தான்.

"எனக்கு ஒண்டு தாங்களன்" என்று விளையாட்டுக்குக் கேட்டாள்.

"எது வேணுமெண்டாலும் கேளுங்க, சாவி மட்டும் கேக்காதீங்க. இண்டைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் நான் ஒரு சாவி குடுத்ததில்ல."

கஞ்சன்! ஆனாலும் பிடித்திருந்தது.

பிறகு தொடங்கியது அந்த விளையாட்டு. ஒருநாள் ஒஃபிஸ் விட்டு வந்து காரைத் திறந்தால், சீட்டில் ஒரு கிம்புலா பணிஸ்! முதலை வடிவில் சீனி பூசிக்கொண்டு அவளைப் பார்த்து இளித்தது. பூட்டிய காருக்குள் முதலை எப்படி வரும்? வேறு யாரிடம் இருக்கிறது 912? அடுத்த வாரம் பூட்டிக் கிடந்த அவன் காருக்குள் ஒரு போத்தல் மாங்காய் அச்சாறு முளைத்தது. இப்படியே அவளுக்கு மல்லிகைப்பூ, அவனுக்குக் கண்ணாடி துடைக்கும் துணி... இரண்டு பேரும் ஃபோனில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்க மாட்டார்கள். 'பிள்ளையார் சுகமா?' 'ஜெபமாலை சுகம்.' அவ்வளவுதான்.

"மகள், கார் இப்ப எந்த நேரமும் வெள்ளவத்தைப் பக்கமே ஓடுதே" என்றார் அவளுடைய அப்பா றேமண்ட். முழங்கால் வலியால் மகளிடம் காரைக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருப்பவர். "அங்கத்தைய பெற்றோல் ருசியோ?"

"டடி!"

விளையாட்டு விளையாட்டாகவே போயிருக்கலாம்... அந்தச் செவ்வாய்க்கிழமை வராமல் இருந்திருந்தால்.

செவ்வாய் என்றால் அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலில் நவநாள் பூசை. அப்பாவும் மகளும் உள்ளே இருந்தார்கள். வெளியே, மதிலோரம் நின்ற அவள் காரை ஒருவன் சாவி போட்டுத் திறந்து, நீளமான கறுப்புப் பை ஒன்றைச் சீட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, விறுவிறுவென்று நடந்து போனதைக் காவல்காரர் கண்டார்.

கோயில்களில் குண்டு வெடித்த அந்த ஈஸ்டர் ஞாயிறுக்குப் பிறகு, இந்தப் பக்கத்தில் ஆளில்லாத பை என்றால் என்ன அர்த்தம் என்று வெள்ளவத்தைக்காரனுக்கு ஒரு கணம் மறந்து போயிற்று. கொட்டாஞ்சேனைக்கு மறக்காது.

காவல்காரர் விசில் ஊதினார். பூசை பாதியில் நின்றது. பின் வாசலால் சனம் ஓடியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் கத்திக்கொண்டு ஓடினார்கள். வலிக்கிற முழங்காலோடு றேமண்டும் ஓடினார். பொலிஸ் வந்து காரைச் சுற்றித் தடுப்பு நாடா கட்டியது. சத்தம் கேட்டுத் திரும்பி வந்த துவாரகன், "நான்தான் வைச்சனான்... நான்தான்..." என்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பொலிஸின் முன்னால் போய் நின்றான்.

பைக்குள் இருந்தது ஒரு சிவப்புக் குடை. முதன்முதல் சந்தித்த அன்று நனைந்தவளுக்காக வாங்கியது.

ஒருவரும் சிரிக்கவில்லை. முழங்காலைப் பிடித்தபடி நிலத்தில் உட்கார்ந்துவிட்ட அப்பாவை றொசானா பார்த்தாள். அதுதான் அவளைப் பேச வைத்தது. அத்தனை பேர் முன்னாலும் கத்தினாள்.

"விளையாட்டா இது உங்களுக்கு? இனிமே என்ர காரைத் தொடக்கூடாது! கண்ணுக்கு முன்னாலயே வரக்கூடாது!"

"சரி" என்றான் அவன். அந்த ஒரு வார்த்தைதான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆண்களும் சில நேரம் பெரிய கரைச்சல்தான். ஃபோன் இல்லை, பணிஸ் இல்லை, பிள்ளையாரின் சுகமும் தெரியவில்லை. கோபம் ஆற ஆற, அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்ற நிலைதான் அவளுக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. ஓடித் தப்பியிருக்கலாமே... அவன் ஓடவில்லையே...

ஒரு ஞாயிறு மத்தியானம், பெருமையை எல்லாம் கட்டி மூலையில் வைத்துவிட்டு, கிம்புலா பணிஸ் ஒன்று வாங்கிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் போனாள். வேப்பமரத்தடியில் அவன் கார். சாவியைப் போட்டாள்.

திரும்பவில்லை.

துடைத்துப் போட்டாள். மெல்ல அசைத்துப் பார்த்தாள். குனிந்து பூட்டின் முகத்தைப் பார்த்தாள். 934 என்றிருந்தது.

பூட்டை மாற்றிவிட்டான்! அவளை உள்ளே விடக்கூடாது என்றே மாற்றிவிட்டான். கொட்டாஞ்சேனை வரைக்கும் கண்ணீர் நிற்கவேயில்லை. வைப்பர் போட்டால் நிற்கிற மழையா அது?

வீட்டு வாசலில் றேமண்ட் அவள் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய், ஆணியில் தொங்கிய சட்டைப் பொக்கெட்டிலிருந்து எதையோ எடுத்து வந்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

ஒரு சாவி. எஃப். எஸ். 912. அவளுடையது அல்ல, அவளுடையது அவள் கையில்தான் இருந்தது. அவனுடைய ஒரிஜினல்!

"அந்தத் தம்பி வந்தவர். உள்ளுக்கு வரச் சொல்லியும் வரேல்ல, வாசலில நிண்டபடியே என்னட்ட மன்னிப்புக் கேட்டார். பிறகு சொன்னார், 'அங்கிள், கேக்காம ஒருத்தரின்ர கதவைத் திறந்தது என்ர பிழை. இந்தச் சாவி என்னட்ட இருக்கும் வரைக்கும் என்னால அவவின்ர காரைத் திறக்க ஏலும். அது சரியில்ல. அதான் என்ர பூட்டை மாத்திட்டன். இது இனி உங்களிட்ட இருக்கட்டும்' எண்டார்."

"ஏன் டடி இவ்வளவு நாளா எனக்குச் சொல்லேல்ல?"

"நீ கேப்பாய் எண்டு பாத்தன். நீ முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டிருந்தாய்." அவர் தொண்டையைச் செருமினார். "எனக்கு அந்தப் பொடியனில கோபமில்ல. பிழையைப் பிழை எண்டு வாசலுக்கு வந்து சொல்ல எத்தினை பேருக்கு வரும்? போ மகள்."

ஒருத்தருக்கும் ஒரு சாவி கொடுத்ததில்லை என்றவன்... முதல் ஆணியையே வெறுமையாக்கிவிட்டு வந்திருக்கிறான். அவளை வெளியே விட்டுப் பூட்டவில்லை. தன்னைத்தான் வெளியே நிறுத்திக்கொண்டிருக்கிறான். என்ன மனிதன் இவன்!

திரும்பவும் வெள்ளவத்தை. அன்றைக்கென்று கார் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. பம்பலப்பிட்டி தாண்டும்போது மழையும் பிடித்துக்கொண்டது. அவன் காருக்குப் பின்னால் தன் காரை நிறுத்தி ஹோர்ன் அடித்தாள். ஃபார்மசி வாசலிலிருந்து குடையும் எடுக்காமல் ஓடி வந்தான் துவாரகன். இடப்பக்க ஜன்னலருகில் வந்தவன், கதவைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். மூக்குக் கண்ணாடியில் மழைத்துளி. அதற்குப் பின்னால் அதே கண்கள், இந்த முறை சிரிப்பே இல்லாமல்...

எட்டி அந்த ஜன்னலைக் கொஞ்சமாக இறக்கினாள். "நனையாம உள்ளுக்கு வாங்களன்."

"சாவி இல்லையே."

இடைவெளியால் அந்தச் சாவியை வெளியே நீட்டினாள். "இப்ப இருக்கு. திறங்க."

சாவி போனது, திரும்பியது. கதவு திறந்து, சொட்டச் சொட்ட அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பணிஸ் முதலை.

பிறகு அவன் சட்டைப் பொக்கெட்டிலிருந்து ஒரு புதுச் சாவியை எடுத்தான். 934.

"பூட்டை மாத்தின அண்டைக்கே உங்களுக்கும் ஒண்டு வெட்டினனான். வந்தாக் குடுக்கிறதுக்கு. வருவீங்க எண்டு நினைக்கேல்ல... ஆனா ஒவ்வொரு நாளும் பொக்கெட்டிலதான் வைச்சிருந்தன். உங்கட கதவைத் திறக்க எனக்கு உரிமை இல்ல, றொசானா. என்ர கதவை நீங்க எப்பவும் திறக்கலாம். நான் உங்கள விரும்புறன். சாவி பொருந்தின அண்டையில இருந்து இல்ல... நீங்க பிழையான காருக்குள்ள இருந்து இறங்கி வந்து எனக்கே ஏசின அண்டையில இருந்து."

"ரெண்டும் ஒரே நாள்தானே!"

"ஓம். ஆனா காரணம் வேற."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. 934-ஐ வாங்கித் தன் வளையத்தில் கோத்தாள். அவன் 912-ஐ அவளிடம் திருப்பி நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவன் விரல்களை மடக்கி, சாவியை அவன் உள்ளங்கைக்குள்ளேயே வைத்து மூடினாள்.

"உங்கட சாவியை நான் திருப்பித் தரேல்ல, துவாரகன். அது டடியிட்டக் குடுத்ததோட முடிஞ்சுது. இது என்ர காரின்ர சாவி. நானே விரும்பித் தாறன்... விளங்குதா?"

"விளங்குது" என்றான் அவன், மூடிய அந்தக் கையை விடாமல்.