படி ஏறாத தர்மகர்த்தா

போன் அடித்தது.

வியாழக்கிழமை, காலை ஏழே கால்.

எடுத்தவளுக்குப் பதினைந்து வயது. மூக்கு நுனியில் கோபம் உட்கார்ந்திருக்கும். அதனால் வீட்டில் அவளுக்கு மிளகா என்றே பெயர்.

"அம்மா இருக்காங்களா?" இன்ஸ்பெக்டரின் குரல். பெண் இன்ஸ்பெக்டர்.

"குளிக்கறாங்க. என்னன்னு எங்கிட்ட சொல்லுங்க."

"பெரியவங்க யாராச்சும் வரணும்மா. ஆஸ்பத்திரி மார்ச்சுவரிக்கு. ஆத்துல ஒரு பாடி கெடச்சிருக்கு... உங்கப்பா வயசு இருக்கும்."

அப்பா காணாமல் போய் இன்றோடு ஒன்பது நாள். லேத் பட்டறைக்குச் செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. போன் அணைந்து கிடந்தது. போலீசில் புகார் கொடுத்தது, போஸ்டர் ஒட்டியது, ஊரெல்லாம் தேடியது... எல்லாம் பெரியப்பா. அப்பாவின் ஒரே அண்ணன். பட்டறைத் தெருவுக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருக்கும் அம்மன் கோயிலின் தர்மகர்த்தா.

இப்போதும் மார்ச்சுவரிக்குப் போனவர் அவர்தான்.

அம்மாவும் மிளகாவும் கோயிலில் காத்திருந்தார்கள். அம்மா சும்மா காத்திருக்கவில்லை. ஈரப் புடவையோடு பிராகாரம் சுற்றிக்கொண்டிருந்தாள். தினம் நூற்றெட்டு. பாதம் முழுக்கக் கொப்புளம். ஒரு வேளைதான் சாப்பாடு.

ஜோசியர் சொன்ன பரிகாரம். ஜோசியரைக் கூட்டிவந்தவர் பெரியப்பா. மகளின் நட்சத்திரம் அப்பனுக்கு ஆகாதாம்... அவள் வீட்டில் இருக்கும்வரை அவன் திரும்ப மாட்டானாம். சனிக்கிழமை அவளை எங்கோ ஓர் ஆசிரமத்தில் கொண்டுபோய் விட ஏற்பாடு ஆகிவிட்டது. அம்மா அழுதாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதுதான் மிளகாவுக்கு எரிந்தது.

பெரியப்பாவின் கார் வந்து நின்றது. கோயிலுக்கு ஒன்பது படி. அவர் முதல் படிக்குக் கீழேயே நின்று, கையை மட்டும் ஆட்டினார்.

"அது அவன் இல்லம்மா. வேற யாரோ."

அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். குருக்கள் தீபாராதனைத் தட்டை எடுத்துக்கொண்டு, அம்மன் காப்பாத்திட்டா, வந்து விபூதி வாங்கிக்குங்க என்று கூப்பிட்டார்.

"பொணத்தப் பாத்துட்டு வந்திருக்கேன் சாமி. குளிக்காம எப்படி ஏறுவேன்?"

நியாயம்தானே... குருக்கள் தலையாட்டினார். அம்மாவும் தலையாட்டினாள்.

மிளகா ஆட்டவில்லை.

சரி, இன்றைக்குப் பிணம். நேற்று? முந்தாநாள்?

அவள் மனசு பின்னோக்கி ஓடியது. இருபது வருஷமாகக் கருவறையைத் தன் கையால் திறந்தவர் பெரியப்பா. காய்ச்சலிலும் விட்டதில்லை. அப்பா காணாமல் போன மறுநாள் காலை, சாவியைக் கீழே நின்றபடியே குருக்களிடம் நீட்டினார். முட்டி வலியாம். படி ஏற முடியவில்லையாம். அன்றிலிருந்து ஒன்பது நாளும் அதே கதை. விபூதியை ஒருவர் கீழே கொண்டுபோய்க் கொடுத்தபோதுகூட, கை ஈரமாக இருக்கிறது என்று நழுவினார்.

முட்டி வலி படி ஏற விடாது. சரி.

விபூதி வாங்கவுமா விடாது?

அன்று மதியமே பெரியப்பா வீட்டுக்குப் போனாள். நாலாவது மாடி. லிப்ட் வாயில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. ஏறி முடிப்பதற்குள் அவளுக்கே மூச்சு இரைத்தது. பெரியம்மா கதவைத் திறந்து, வாடி கண்ணு, வெயிலில் வந்திருக்கியே என்று தண்ணீர் எடுக்க உள்ளே போனாள்.

மிளகாவின் கண் பூஜை அலமாரிக்குப் போனது.

படங்களில் பூ கருகிக் கிடந்தது. விளக்கில் எண்ணெய் இல்லை. திரி காய்ந்து விறைத்திருந்தது.

"என்ன பெரியம்மா, வெளக்கு ஏத்தலையா?"

"அத ஏன் கேக்கற. பதினாறு நாளைக்கு ஏத்தக்கூடாதுன்னுட்டார் உங்க பெரியப்பா. ஏதோ வெரதமாம்."

விரதம் என்றால் விளக்கு ஏற்றுவார்கள்.

பதினாறு நாள் ஏற்றாமல் இருப்பதற்கு வேறு பெயர்.

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். தாத்தா செத்தபோது இதே வீட்டில் இதே விளக்கு அணைந்து கிடந்தது. பங்காளி செத்தால் பதினாறு நாள். கோயில் படி மிதிக்கக்கூடாது, விபூதி தொடக்கூடாது, விளக்கேற்றக்கூடாது.

தீட்டு.

ஆனால் யார் செத்தது?

அப்பாவைக் காணோம் என்றுதானே எல்லோரும் தேடுகிறார்கள். செத்துவிட்டார் என்று யாருமே சொல்லவில்லையே... அப்படியென்றால் இந்த ஊரில் ஒருவருக்கு மட்டும்...

"அங்க என்னடி பாக்கற?"

முதுகுக்குப் பின்னால் குரல்!

பெரியப்பா வாசலில் நின்றிருந்தார். நாலு மாடி ஏறி வந்தவர். ஒரு சொட்டு வேர்வை இல்லை. மூச்சு சீராக இருந்தது. முட்டி வளைந்து, நிமிர்ந்து, செருப்பைக் கழற்றியது.

"தண்ணி குடிக்க வந்தேன் பெரியப்பா."

"உங்க வீட்ல தண்ணி வரலையா?"

"வருது. இங்க ருசியா இருக்கும்."

அவர் அவளையே பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாக, மறக்காமல் துணிமணியெல்லாம் எடுத்து வை, சனிக்கிழமை காலையிலேயே கிளம்பணும் என்றார்.

மூச்சு இரைக்க ஏறிய நாலு மாடியை அவள் ஒரே நிமிடத்தில் இறங்கினாள்.

தெருமுனை லாண்டரிக்கடை ஓரமாக நின்று இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டாள். வார்த்தை முன்னுக்குப் பின் வந்தது. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னாள்... அந்த எடை விஷயத்தையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மன் விக்கிரகத்தைத் தோளில் தூக்கும் நாலு பேரில் அப்பா ஒருவர். காணாமல் போவதற்கு முதல் நாள் சாப்பிடும்போது சொன்னார்: பாலிஷ் போடக் கொடுத்து வாங்கியதிலிருந்து அம்மன் தோளில் லேசாக இருக்கிறாள். ரெண்டு மூணு கிலோ குறையுது. இரும்பைத் தூக்கிப் பழகின தோள், பொய் சொல்லாது. நாளைக்கு அண்ணனிடம் கேட்கணும்.

பாலிஷ் போடக் கொண்டுபோனவர் பெரியப்பா.

அப்பா காணாமல் போன அன்றே மிளகா இதை எல்லோர் முன்னாலும் சொன்னாள். பெரியப்பா சிரித்தார். பக்தி முத்தினா பாரம் தெரியாதும்மா, அது அம்மனோட கருணை என்றார். சுற்றியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"ஆசிரமத்துக்கு ஏன் அனுப்பறார்னு இப்பப் புரியுதா மேடம்? எடை பத்திப் பேசறது நான் ஒருத்திதான்."

"தீட்டு பாக்கறார்ங்கறத கோர்ட்ல சாட்சியா ஏத்துக்க மாட்டாங்களே, பாப்பா."

"அவர் வாயால சொன்னா?"

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாலை ஐந்தரை.

கோயிலில் நாற்பது ஐம்பது பேர். அம்மா எழுபதாவது சுற்றில் இருந்தாள். இன்ஸ்பெக்டர் புடவையில் வந்து, கூட்டத்தோடு கூட்டமாகப் படி ஓரத்தில் நின்றார். பெரியப்பா வழக்கம்போல் கீழே, கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி.

மிளகா கற்பூரத்தட்டை ஏந்திக்கொண்டு மேல்படியில் வந்து நின்றாள். குரலை உயர்த்தினாள்.

"பெரியப்பா. எங்கப்பா காணாம போனதுக்கு நான்தான் காரணம்னு சொன்னீங்கல்ல? மேல வாங்க. அம்மன் முன்னாடி இந்தக் கற்பூரத்த அணைச்சு அதையே சொல்லுங்க. நாளைக்கு என்ன, இப்பவே ஆசிரமத்துக்குப் போயிடறேன்."

கூட்டம் திரும்பியது.

"சாமி காரியத்துல வெளையாடாத. எனக்கு முட்டி வலி."

"நேத்து நாலு மாடி ஏறினப்ப வலிக்கலையா?"

"பெரியவங்ககிட்டப் பேசற பேச்சா இது?" அம்மா நொண்டிக்கொண்டே ஓடிவந்தாள். "மிளகா, வாய மூடு!"

"ஒன்பது நாளா மூடிக்கிட்டுதாம்மா இருந்தேன்."

தட்டைக் குருக்கள் கையில் கொடுத்தாள். தடதடவென்று இறங்கினாள். பெரியப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இழுத்தாள்.

அவர் கம்பியை இறுக்கிக்கொண்டார். ஒரு கால் முதல் படியில் பட்டது. நெருப்பை மிதித்தவர் மாதிரி அதைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"விடுடி..."

"ஏறுங்க."

"விடுங்கறேன்ல..."

"ஏறுங்க பெரியப்பா!"

"தீட்டோட இழுக்காதடி பாவி!"

குருக்கள் கையில் இருந்த கற்பூரத்தட்டு இறங்கியது.

குருக்கள்தான் முதலில் கேட்டார். நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"தீட்டா? உங்க வீட்ல யாரு தவறினது?"

பெரியப்பாவின் வாய் திறந்தது. மூடியது. மீன் மாதிரி மறுபடி திறந்தது.

இன்ஸ்பெக்டர் முன்னால் வந்தார். "நல்ல கேள்வி. நேத்து பாடியப் பாத்துட்டு, தம்பி இல்லேன்னு நீங்களே கையெழுத்து போட்டீங்க. அப்ப உங்க தம்பி செத்துட்டார்னு உங்களுக்கு மட்டும் யாரு சார் சொன்னா?"

மிளகாவின் கண்ணில் தண்ணீர். அழுகைத் தண்ணீர் இல்லை... கொதித்த தண்ணீர்.

"கூடப் பொறந்தவரக் கொல்ல கை கூசல. படி ஏற கால் கூசுதா? எங்கம்மா பாதத்தப் பாருங்க. நீங்க செஞ்ச பாவத்துக்கு அவங்க சுத்திக்கிட்டிருக்காங்க. அசல் அம்மன வித்துட்டுப் போலிய வெச்சப்ப ஒட்டாத தீட்டு, இந்தப் படியிலதான் வந்து ஒட்டுச்சா?"

பெரியப்பா கம்பியோடு சேர்ந்து கீழே உட்கார்ந்தார். இந்தமுறை முட்டி நிஜமாகவே மடிந்தது.

"ஒரே ஒரு அடிதான்... பின்னாலேர்ந்து. பேசாம இருடான்னு கெஞ்சினேன், கேக்கல. சிலையத் தராசுல வைக்கணும்னு நின்னான். கால்வாய்ல விழுந்துட்டான்... முங்கிட்டான்... என் கண்ணால பாத்தேன்." முகத்தைப் பொத்திக்கொண்டார். "தம்பிக்கு வேற எதுவும் செய்ய முடியல. தீட்டாவது ஒழுங்காக் காக்கணும்னு..."

அம்மாவின் அலறல் கோபுரத்துப் புறாக்களைக் கிளப்பியது.

இன்ஸ்பெக்டர் குனிந்து அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதீங்கம்மா. பொறுங்க. முழுசா கேளுங்க." பிறகு மிளகாவிடம் திரும்பினார். "பாப்பா, உங்கிட்ட ஒண்ண மறைச்சிட்டேன்."

எண்பது மைல் தள்ளி ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கால்வாயோரம் மயங்கிக் கிடந்த ஆளை ஒரு லாரி டிரைவர் தூக்கிவந்து போட்டிருக்கிறார். மண்டையில் தையல். பெயர் இல்லை, போன் இல்லை, நினைவும் இல்லை. இரண்டு நாளாக ஒரே ஒரு வார்த்தையைத்தான் முனகிக்கொண்டிருந்தாராம்.

"மிளகா, மிளகான்னு. இந்த நெலமையில காரம் கூடாதுன்னு நர்ஸு தயிர்சாதம் ஊட்டியிருக்காங்க. இன்னிக்குக் காலையிலதான் அந்த ஸ்டேஷன்லேர்ந்து சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. எனக்கு சிரிப்பு வரல... உன் பேரு ஞாபகம் வந்துச்சு."

மிளகா இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்தாள்.

"அப்பா..."

"உயிரோட இருக்கார். இப்ப கொஞ்சம் பேசறார். ஆனா அன்னிக்கு என்ன நடந்துச்சு, யாரு அடிச்சாங்கன்னு அவருக்கே ஞாபகம் இல்ல. அதனாலதான் இவர் வாயைத் தொறக்கறவரைக்கும் நான் வாயைத் தொறக்கல."

"காலையிலயே தெரியுமா?" மிளகா வெடித்தாள். "எங்கம்மா இன்னிக்கு மட்டும் எழுபது சுத்து சுத்தியிருக்காங்க மேடம்! ஒரு வார்த்தை... காதோட காதா..."

"தப்புதான். திட்டு. ஜீப்புல போறப்ப வழியெல்லாம் திட்டிக்கிட்டே வா. ரெண்டு மணி நேரத்துல அப்பாவப் பாத்துடலாம்."

அம்மா மகளை இழுத்து இறுக்கிக்கொண்டாள். மன்னிச்சிடுடி, மன்னிச்சிடுடி என்று அவள் தலைமுடிக்குள் முணுமுணுத்தாள். மிளகா உடனே மன்னிக்கவில்லை. ஆனால் கொப்புளக் காலோடு அம்மா தடுமாறியபோது, இடுப்பில் கைகொடுத்துத் தாங்கினாள்.

தெருவில் காத்திருந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் வந்து பெரியப்பாவைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் பேயறைந்த முகத்தோடு, உயிரோட இருக்கானா, உயிரோட இருக்கானா என்று காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். சாகாதவருக்குக் காத்த தீட்டு. பத்து நாள்... அத்தனையும் வீண்.

இன்னொரு ஜீப்பின் பின்கதவு திறந்தது. ஏறுவதற்கு ஒரே ஒரு இரும்புப் படி. அதன் முன்னாலும் அவர் தயங்கி நின்றார்.

மிளகா கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனாள்.

"ஏறுங்க பெரியப்பா. தீட்டே இல்லேன்னு ஆயிடுச்சு. இனிமே தாராளமா உள்ள போலாம்."