பாதிக் கச்சேரியில் எழுந்தவள்

ஏப்ரல் மாசத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் ஒன்றேகால் மணி. வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டோடு கூடத்துக் கட்டிலில் கிடந்தேன். வாசல் கேட் திறந்திருந்தது. என் வீட்டுக்காரர் முரளிதரன் உள்ளே வந்தார்.

ஆந்திராவில் சித்தூரை அடுத்த குடிபாலாவில், வேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. மாமனார் காலத்து ஓட்டு வீடு. ஒரு பக்கம் மாந்தோப்பு, மறுபக்கம் எங்கள் நிலம், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஆள் கிடையாது. சமைக்க வருகிற செல்லியம்மா பன்னிரண்டு மணிக்கே கிளம்பிவிட்டாள். கரண்டும் இல்லை. போர் மோட்டார் சத்தம்கூட நின்றுபோன அந்த வெயில் நேரத்தில், ஓடு சூட்டில் விரிகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அன்று காலை ஒன்பதரைக்குத் திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாட்டுக் கச்சேரி. அந்தப் பாடகியை நேரில் கேட்க ஒரு வருஷமாகக் காத்திருந்தவள் நான். பத்து நாள் முன்னால் பாத்ரூமில் வழுக்கி விழுந்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டேன். வயிற்றெரிச்சல் தாங்காமல், "நீங்களாவது எனக்காகப் போய்க் கேட்டுட்டு வாங்க. வந்து ஒவ்வொரு பாட்டா சொல்லணும்" என்று முரளியை விரட்டி அனுப்பினேன்.

சொல்லுவார் என்ற நம்பிக்கை எனக்குத் துளியும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அவர் விமர்சனம் மொத்தமே மூன்று சொல்தான். "நல்லாதான் இருந்துச்சு. சோறு?"

நாங்கள் நாலு பேர் ஒரு கூட்டு. நாங்கள் இருவரும், திருப்பதியில் இருக்கிற நீரஜாவும் அவள் கணவர் ஹரிபிரசாத்தும். மாசம் ஒரு ஞாயிறு கூடி, கேட்ட கச்சேரிகளைப் பேசித் தீர்ப்போம். பேசுவது நானும் நீரஜாவும். ஹரி எந்தக் கச்சேரியானாலும் இரண்டாம் பாட்டில் தூங்கிவிடுவார். முரளி தூங்க மாட்டார், என்ன பாட்டு என்ன ராகம் என்று பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் வரிசையாக எழுதிக்கொள்வார். வாய் மட்டும் திறக்காது.

அன்றைக்குத் திறந்தது.

ஜன்னல் வெளிச்சம் படாத மூலையில், என் வாக்கருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். சோறு கேட்கவில்லை. தண்ணீர் கேட்கவில்லை.

"வர்ணத்துல ஆரம்பிச்சாங்க. சொல்லட்டுமா?" என்றார்.

"இன்னாங்க இது, அதிசயமா கீது! சொல்லுங்க, சொல்லுங்க" என்று தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து நிமிர்ந்தேன்.

சொன்னார் பாருங்கள், அப்படிச் சொன்னார். வர்ணத்தின் இரண்டாம் காலத்தில் மிருதங்கக்காரர் ஒரு இடத்தில் வாசிக்காமல் கையை மேலேயே நிறுத்தியது. அந்த இடைவெளியில் பாடகி லேசாகச் சிரித்தது. அடுத்துப் பேகடை ராகத்தில் ஒன்று. அதை எடுக்குமுன் அந்தம்மா நாக்கு நுனியால் மேலண்ணத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாராம். மூன்றாவது சாவேரி. அதில் ஒரு கீழ் சுரத்தில் நின்றபோது மண்டபத்தில் மின்விசிறி சத்தம் தவிர வேறு சத்தமே இல்லையாம். நடுநடுவே பாடியும் காட்டினார். தகர டப்பாவை உருட்டுகிற மாதிரி இருக்கும் முரளி குரல். அன்று அது சாவேரியில் குழைந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் இப்படி ஒரு நாள் பேச மாட்டாரா என்று ஏங்கியிருக்கிறேன். பாடகியின் வாய்க்குள் நாக்கு எங்கே தொட்டது என்று பின்வரிசையில் உட்கார்ந்தவருக்கு எப்படித் தெரியும்? கேட்கத் தோன்றவில்லை. பன்னிரண்டரைக்கு முடிந்த கச்சேரியிலிருந்து எண்பத்தைந்து கிலோமீட்டரை முக்கால் மணியில் எப்படி வந்தார்? நான் ஹைஸ்கூலில் கணக்கு டீச்சர். அந்தக் கணக்கை மட்டும் போடவில்லை.

தலையணைக்கடியில் போன் அடித்தது.

திரையில் 'முரளி' என்று இருந்தது.

போனை எங்கேயோ விட்டுவிட்டு வந்திருக்கிறார், எடுத்தவர் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் காதில் வைத்தேன்.

"இன்னாம்மே, செல்லியம்மா சோறு ஆக்கிட்டுப் போச்சா? இப்பதான் பஸ்டாண்டுக்கு வந்தேன். ஒரே கும்பல்."

தகர டப்பா குரல். பின்னால் பஸ் ஹாரன், "சித்தூர், சித்தூர்" என்று யாரோ கத்துவது எல்லாம் கேட்டது.

எதிரே முரளி என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என் வாய் தானாகக் கேட்டது. "கச்சேரி எப்பிடி?"

"நல்லாதான் இருந்துச்சு."

என் புருஷன் போனில்தான் இருந்தார். இருபத்திரண்டு வருஷமாக நான் சலித்துக்கொண்ட அந்தச் சொல்லைக் கேட்டதும், அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது.

"மொதல்ல இன்னா பாடனாங்க?"

"மொதல்லயா... இரு. அட, வாயில வர மாட்டேன்னுது. டிக்கெட்ல எழுதனேனே." காகிதம் சரசரத்தது. "இன்னாடா இது. மேல மூணு வரி வெள்ளையா கீதுமே. எழுதனாப்பலதான் ஞாபகம்."

மூன்று வரி. வர்ணம், பேகடை, சாவேரி. இங்கே சொல்லச் சொல்ல அங்கே அழிந்துகொண்டிருந்தது.

சிக்னல் போய் லைன் அறுந்தது.

"யாரு?" என்று கேட்டது மூலையில் இருந்த அது.

"நீரஜா."

"ஓ." சிரித்தது. அப்போதுதான் வாடை தெரிந்தது. வருஷக்கணக்கில் சுருட்டியே வைத்த மண்டபத்து ஜமுக்காளத்தின் வாடை. "அடுத்தது காம்போதி. சொல்லட்டுமா?"

"ம்" என்றேன்.

பயத்தில் சொன்னேன் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். அது பொய். காம்போதி என்றதும் என் பாழாய்ப்போன காது ஆசைப்பட்டது. அந்த ஒரு "ம்"முக்கு என்னை நானே இன்னும் செருப்பால் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அது ஆலாபனையை ஆரம்பித்தது.

இப்போது அது முரளி குரல் இல்லை. ஒரு பெண் குரல். அதன் கீழே சன்னமாகத் தம்புரா. அதன் பின்னால் வயலின். தொடையில் கை தாளம் போட்டது, தட்டுகிற சத்தம் மட்டும் வரவில்லை. உதடு அசைவதற்கு ஒரு கணம் முன்னாலேயே குரல் வந்தது.

மறுபடி போன்.

"அலோ... இந்த பஸ்ஸெல்லாம் எங்க போவுது? கண்டக்டரு 'எக்கடிகி? எக்கடிகி?'ன்னு கேட்டுக்கினே கீறான். எங்கன்னு சொல்ட்டும்?"

"குடிபாலாங்க! வேலூர் பஸ் ஏறுங்க! ஏறி உக்காருங்க!" என்று கத்தினேன்.

மரியாதையான, சோர்ந்த குரலில் கேட்டார்.

"குடிபாலால யாரு கீறாங்க?"

போன் கையிலிருந்து மடியில் விழுந்தது. அவரிடமிருந்து போவது பாட்டு மட்டும் இல்லை. வழி போகிறது, ஊர் போகிறது, நான் போகிறேன். கச்சேரி முடியும்போது அங்கே பஸ்ஸ்டாண்டில் யார் நிற்பார்?

"போதும். நிறுத்து."

அது நிறுத்திவிட்டு வருத்தத்தோடு பார்த்தது. முரளியின் முகம், முரளியின் நரைத்த மீசை. "இன்னும் பாட்டே எடுக்கல. மங்களம் கேக்காம எழுந்திருக்கற ஆளா நீ?"

இல்லைதான். கச்சேரி நடுவில் எழுந்து போகிறவர்களை முறைத்தே உட்கார வைத்தவள் நான். ஒருமுறை எனக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு, அன்றைக்கும் மங்களம் முடிந்துதான் எழுந்தேன்.

அது கண்ணை மூடிப் பாட்டை எடுத்தது.

எழுந்தேன்.

வாக்கர் அதன் முழங்காலை ஒட்டி நின்றது. அதை எடுக்கத் தைரியம் வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் மூன்று தாவு தாவினேன். நாலாவதில் விழுந்தேன். மாவுக்கட்டு தரையில் மோதிய வலி தலைக்கு ஏறியது. கையை ஊன்றித் தவழ்ந்தேன். வாசலுக்குப் போக அதன் காலடியை ஒட்டித்தான் வழி.

கை எட்டினால் தொட்டுவிடும் தூரம்.

அது தொடவில்லை. பாடியது. என் காதருகில் குனிந்து, நான் ஒரு வருஷமாகக் கேட்கக் காத்திருந்த குரலில் பாடியது. சத்தியமாகச் சொல்கிறேன், வலியைவிடப் பயத்தைவிட அதுதான் என்னைப் பிடித்து இழுத்தது.

வாசற்படியைத் தாண்டிக் கதவை இழுத்துச் சாத்தினேன். வெயிலில் காய்ந்த தரை உள்ளங்கையைப் பொசுக்கியது. உள்ளே அதே வரியைத் திரும்பத் திரும்பப் பாடியது, கேட்க ஆள் தேடுவது போல. ஜன்னல் பக்கம் வந்தது. கதவுப் பக்கம் வந்தது.

"ஷோபா, நிரவல் பாக்கி கீது."

இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பதினேழாம் வாய்ப்பாட்டைக் கத்தினேன், நான் பள்ளியில் படித்த தெலுங்கிலேயே. முடிந்ததும் பதினெட்டு, பிறகு பத்தொன்பது. தொண்டை வறண்டு கையை எடுத்தபோது உள்ளே அமைதியாக இருந்தது. முந்தானையில் முடிந்து கொண்டுவந்த போன் அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மே, போன எடுக்க இம்மா நேரமா? வேலூர் பஸ் ஏறிட்டேன். உக்கார எடம்கூட கெடச்சிச்சு." என் விசும்பல் கேட்டு, "ஏன் அழுவற? காலு வலிக்குதா?" என்றார்.

நாலு மணிக்கு வந்து, என்னை வெயிலில் பார்த்துத் திட்டித் தீர்த்துவிட்டு, உள்ளே தூக்கிப்போய்ப் படுக்கவைத்தார். வீட்டில் யாரும் இல்லை. டிக்கெட்டில் மேலே மூன்று வரி வெள்ளை, நாலாவதில் 'காம்' என்பது மட்டும் மிச்சம். அந்தப் பாட்டுகள் அவருக்கு ஞாபகம் வரவே இல்லை. நடந்ததை நான் அவரிடம் சொல்லவும் இல்லை. என்னவென்று சொல்வது? உங்களைவிட அது நன்றாகச் சொன்னது என்றா?

ஜூன் மாசம் கட்டு பிரித்தார்கள். ஒரு ஞாயிறு காலை பதினோரு மணிக்குத் திருப்பதிக்கு, நீரஜா வீட்டுக்குப் போனோம். ஹரிதான் கதவைத் திறந்தார். நீரஜா முகத்தில் புதுப் பெண்ணுக்கு இருக்கிற சந்தோஷம்.

"நம்பவே மாட்டேள் ஷோபா! போன வாரம் காளஹஸ்தில கச்சேரி. எனக்கு ஜுரம். 'நீங்களாவது எனக்காகக் கேட்டுண்டு வாங்கோ'ன்னு இவரை அனுப்பினேன். வந்து உக்காந்து மூணு மணி நேரம் சொன்னார். பாடிக்கூடக் காட்டினார். தூங்குமூஞ்சின்னு எவ்வளவு கேலி பண்ணியிருப்போம்!"

"முழுக்கக் கேட்டியா?"

"பின்னே? மங்களம் வரைக்கும்!"

"அப்ப ஏதாவது போன் வந்துச்சா?"

"அதை ஏன் கேக்கறேள்! இவர் போனை அங்கேயே தொலைச்சுட்டார். எடுத்தவன் எவனோ நாலு தரம் கூப்பிட்டான். குரல்கூட இவர் மாதிரியே, மிமிக்ரி பண்றவன் போலிருக்கு. இவர்தான் எதிர்ல உக்காந்துண்டிருக்காரே, நான் ஏமாறுவேனா? முதல்ல சிரிச்சுண்டே பேசினான். கடைசில ஒரே அழுகை. 'யார்டா நீ?'ன்னு அதட்டினேன். 'தெரியலையே மாமி'ங்கறான்." நீரஜா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்புறம் வரவே இல்லை."

நான் முரளியின் கையைப் பிடித்தேன். போகலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

ஹரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷோபாவுக்கு ஒரு கச்சேரி பாதியில நிக்கறதே" என்றார் மெதுவாக. "காம்போதியில எழுந்து போனா."

இந்த உலகத்தில் ஒருவரிடமும் நான் அதைச் சொன்னதில்லை.

முரளி என் கையை விடுவித்துக்கொண்டார். அவர் முகத்தில் அத்தனை ஆசை, எனக்கு ஒரு நல்லது செய்யக் கிடைத்த சந்தோஷம்.

"அந்த ஏப்ரல் மாசக் கச்சேரியா? பாவம், ரொம்ப ஆசப்பட்டா. எனக்குத்தான் சொல்ல வராது. இப்ப நீதான் நல்லா சொல்றியாமே, நீ சொல்லு ஹரி" என்று நாற்காலியை எனக்காக ஹரி பக்கத்தில் இழுத்துப் போட்டார்.