முதல் மணியிலேயே எடுத்தது

பதினோரு பெட்டிகள் இருக்க வேண்டிய திரையில் பன்னிரண்டு இருந்தன. தோத்தாத்ரி விரல்விட்டு எண்ணினான். கம்ப்யூட்டர் படித்தவன் விரல்விட்டு எண்ணுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று மேஜைக்கு அடியில் கையை வைத்து எண்ணினான். பன்னிரண்டுதான்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இருந்த அந்தக் கம்பெனி தொண்ணூற்றேழில் வாங்கிய நெட்வொர்க் சாஃப்ட்வேருக்கு வேலை என்னவோ எளிதுதான். கட்டடத்தில் உள்ள பதினோரு கருவிகளையும் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும். பதில் கொடுத்தால் பெட்டி பச்சை, கொடுக்காவிட்டால் சிவப்பு. அந்தப் பட்டியலைப் பம்பாய்த் தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர், இங்கே போன் லைனில் மாட்டியிருக்கும் மோடத்துக்குப் போன் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இதில்தான் ஒன்பது நாளாக இழுபறி. இந்த முனைக் கையேடு 'மறுமுனைக் கையேட்டைப் பார்க்கவும்' என்றது. மறுமுனைக் கையேடு இதைப் பார்க்கச் சொன்னது. இரண்டு சம்பந்திகளும் 'உங்க இஷ்டம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தால் கல்யாணம் நடந்த மாதிரிதான்.

இன்று ஆறு மணிக்குள் இரண்டு கம்ப்யூட்டரும் பேசாவிட்டால் தோத்தாத்ரிக்கு நாக்பூர் கிளைக்கு மாற்றல். தாம்பரம் வீட்டில் மனைவி வேதாவுக்கு ஏழாம் மாதம். அவளைத் தனியே விட்டுவிட்டு எங்கே போவது?

கடைசியில் ஐந்தரைக்கு முடிச்சு அவிழ்ந்தது. மோடம் மூன்றாவது மணிக்குத்தான் போனை எடுத்தது. பம்பாய்க்கு அத்தனை பொறுமை இல்லை, இரண்டாவதிலேயே வைத்துவிட்டது. முதல் மணியிலேயே எடு என்று மாற்றினான். டீ கொண்டுவந்த வாட்ச்மேன் சின்னப்பனிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தான்.

"மொத தபாவே எடுக்க வெச்சிட்டியா? வாணாம் சார். மூணு தபா கூப்ட்டாதான் இன்னான்னு கேக்கணும். அதுங்க ஒரு தபாதான் கூப்புடும்."

"எதுங்க?"

"வெளக்கு வெக்கிற நேரத்துல என் வாயால சொல்ல வெக்காத சார்."

"ஏன், அதுங்களுக்கும் எஸ்.டி.டி. சார்ஜ் கட்டுப்படியாகலையாமா?"

சின்னப்பன் காலி கிளாஸை எடுத்துக்கொண்டு மழையில் கேட்டுக்குப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் மோடம் ஒரே ஒருமுறை மணியடித்தது, எடுத்தது. பன்னிரண்டாவது பெட்டி வந்தது அப்போதுதான்.

பம்பாய் சம்பத்துக்குப் போன் போட்டான்.

"என்னய்யா தோத்து, இன்னிக்கும் தோத்துதானா? நாங்க இன்னும் கூப்பிடவே இல்லையே!"

பெட்டியைத் திறந்தான். பெயர் என்ற இடத்தில் தோத்தாத்ரி என்றிருந்தது. இடம்: பம்மல். ஆள் உட்கார்ந்து தட்டினாலொழிய அந்தக் கட்டங்கள் நிரம்பாது. தூக்கக் கலக்கத்தில் நானே தட்டியிருப்பேன், ஒன்பது நாளில் இதைவிடப் பெரிய அசட்டுத்தனமெல்லாம் செய்தாயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டு அழித்தான். ஐந்து நிமிஷம் கழித்துத் திரை புதுப்பித்துக்கொண்டது. பெட்டி இருந்தது. இடம்: பல்லாவரம்.

வழக்கமாகக் கீச்சென்று கத்திவிட்டு அடங்கிவிடும் மோடத்தின் சின்ன ஒலிபெருக்கி இன்னும் அடங்காமல் இரைந்துகொண்டிருந்தது. காதை அருகில் கொண்டுபோனான். மழை. தகரத்தில் விழும் மழையல்ல, தார் ரோட்டில் சக்கரங்களுக்கு அடியில் நசுங்கிச் சீறும் மழை. அதன் ஊடே ஒரு ஸ்கூட்டர், இரண்டாவது கியரில் இருமி, ஒருமுறை திக்கி, பிறகு சமாளித்துக்கொண்டு ஓடியது. அந்த இருமலை அவனுக்குத் தெரியும். எந்த மெக்கானிக்காலும் தீர்க்க முடியாத இருமல். ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தான். அவன் ஸ்கூட்டர் ஷெட்டுக்குக் கீழே, ஸ்டாண்டு போட்டபடி, அசையாமல் நின்றது.

இடம்: குரோம்பேட்டை.

மோடத்துக்குப் போகும் போன் வயரைப் பிடுங்கினான். ஒலிபெருக்கி ஓயவில்லை. பெட்டி பச்சையாகவே இருந்தது. மோடத்தின் கரண்ட்டையும் பிடுங்கினான். பச்சை.

இடம்: சானடோரியம்.

அவன் தினமும் வீட்டுக்குப் போகும் வழி. வரிசை மாறாமல்.

மேஜைப் போனை எடுக்கக் கை நீட்டினான். அதுவே அடித்தது. சம்பத்.

"பலே தோத்து! லிஸ்ட் வந்துடுச்சுய்யா. பன்னெண்டும் பச்சை. நாக்பூர் கேன்சல். வீட்டுக்குக் கிளம்பு."

பிடுங்கிய வயர் அவன் இடது கையில் தொங்கியது.

இடம்: மேற்குத் தாம்பரம்.

ஸ்கூட்டர் சத்தம் நின்றது. ஸ்டாண்டு போடும் சத்தம்.

வீட்டு எண்ணைச் சுழற்றினான். விரல் நழுவியது. மறுபடி. எடுக்காதே வேதா. கதவைத் திறக்காதே. ஒரு மணி அடித்தது. எடுத்தார்கள்.

"ஹலோ, யார் வேணும்?"

ஆண் குரல். லேசாக ஜலதோஷம் பிடித்த, நல்ல குரல். அவனுடையது.

பின்னாலிருந்து வேதா. "யாருன்னா போன்ல? வந்ததும் வராததுமா! முதல்ல தலையைத் துவட்டிக்கோங்கோ."

"ராங் நம்பர்டீ."

ரிசீவரைப் போன் மேல் வைக்கவில்லை. பக்கத்தில் எங்கோ வைத்தது. ஈரக் கால்கள் நடந்தன. வாசல் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

தோத்தாத்ரி ரிசீவருக்குள் கத்தப் பார்த்தான். அவன் வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை.

"இங்கே வாங்கோ, சீக்கிரம்," வேதாவின் சிரிப்பு. "உங்க குரல் கேட்டதும் உதைக்கறது. கையை வெச்சுப் பாருங்கோளேன்."

மழை.

"அம்மா! ஏன்னா, கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?"